கார் மூச்சு இழுக்கும் இடம்

போன வாரம் நல்ல மழை. கரமனைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், முட்டளவுத் தண்ணீரில் ராஜனின் டாக்சி நின்றுபோனது. ராஜன் என் தங்கச்சி செல்வியின் வீட்டுக்காரர். முன்சீட்டில் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நான்.

பிள்ளைகளே, நமக்கு மூக்கு மாதிரி காருக்கும் காற்று இழுக்க ஒரு குழாய் உண்டு. கம்பெனி அதை உயரத்தில்தான் வைத்துத் தரும். ராஜன் அதைக் கழற்றிவிட்டு 'கோல்டு ஏர் இன்டேக்' போட்டிருந்தார். குளிர்ந்த காற்று போனால் வண்டி நன்றாக இழுக்குமாம். அதன் வாய் இருந்தது முன்பம்பருக்குள்ளே, ரோட்டை ஒட்டி. குளிர்ந்த காற்று கிடைக்கிற இடம்தான்... ஆனால் நம்ம ஊர் மழையில் தண்ணீர் முதலில் வருகிற இடமும் அதுதானே?

ராஜன் சாவியைத் திருப்பப் போனார். செல்வி கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாங்க. தண்ணியில நின்னா ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு மாட்டின அன்னைக்கே மெக்கானிக் சொன்னாரே."

"ஒரே ஒரு தடவை, செல்வி."

அதற்குள் தள்ளிவிட நாலு பேர் மழையில் இறங்கி வந்துவிட்டார்கள். நல்ல மனுஷர்கள். "சேட்டா, ஒண்ணு ஸ்டார்ட் செய்து நோக்கு" என்று, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொன்னார் ஒருவர் மலையாளத்தில். நானும், "பாருங்களேன் மாப்ளே" என்றேன்.

"நீ சும்மா இருண்ணே. இஞ்சின் போச்சுன்னா நாளைக்கு உன் முதுகிலயா சவாரி ஏத்துவாரு?"

நான் கதவைத் திறந்து, தள்ளுகிறவர்களோடு சேர இறங்கினேன். அந்த டாக்சி ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

தண்ணீர் குடிக்கும்போது சிரித்தால் புரையேறுகிறது இல்லையா? நாம் இருமித் துப்பிவிடுகிறோம். இஞ்சினுக்கு இருமத் தெரியாது. காற்றை அது அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீர் புகுந்த பிறகும் சாவியைத் திருப்பினால் உள்ளே இருக்கிற இரும்புத் தண்டே வளைந்துபோகும்.

ஸ்டார்ட் பண்ணாமலேயே தள்ளிக் கரை சேர்த்தோம். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றினார்கள். தண்டு வளையவில்லை. ராஜன் புதுக் குழாயையும் பழைய குழாயையும் எடுத்துப் பார்த்தார். பிறகு, "எதை மாட்டட்டும்?" என்று செல்வியிடம் கேட்டார்.

"பழசையே மாட்டுங்க. மேல இருக்குமே, அது."

"இழுவை குறையும்."

"குறையட்டும். விழிஞ்ஞம் வரைக்கும் சவாரி போய்ட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தா போதும்."

உங்கள் அப்பா வண்டி தண்ணீரில் நின்றால், முதலில் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் — அன்றைக்குக் கோபப்படுவார், மறுநாள் வண்டி ஓட்டுவார்.