கிழக்குப் பார்த்துத் திருப்பிய மெஷின்

கிள்ளான் பக்கம் மேருவில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த ஜப்பான் மெஷின் வந்து சேர்வதற்கு முன்பே அதைப் பற்றிய ஒரு சூராட், அதாவது கடிதம், வந்துவிட்டது. நான் மூன்றாம் படிவம் வரைதான் படித்தவள். மலாய் என்றால் கடகடவென்று வாசித்துவிடுவேன். ஆங்கிலம் என்றால் வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் கடிதங்களைக் கோப்பில் போடுவது, செய்த சாமான்களைக் கட்டி அனுப்புவது, பத்து மணித் தேநீர் எல்லாம் என் பொறுப்பு. அன்றைக்கும் விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது. இந்த மெஷினைக் கொண்டு அணுகுண்டோ, ஏவுகணையோ, விஷவாயுவோ செய்ய மாட்டோம் என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பாஸ், நம்மள என்னான்னு நெனச்சிட்டாங்க?" என்றேன்.

"எல்லார்கிட்டயும் இதான்க்கா கேக்கறான். சாப்பு குத்துங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் கம்பெனி முத்திரையைக் குத்தினேன். கோப்பில் வைத்து மூடினேன்.

லோரி ஓட்டும் என் வீட்டுக்காரரிடம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். "குக்கரு விசில் அடிச்சாலே ரெண்டடி தள்ளி நிக்கிற பொம்பள நீ. ஒன்கிட்டப் போயி ராக்கெட் செய்வியான்னு கேட்டிருக்கான் பாரு" என்று சிரித்தார். புரை ஏறி, தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பட்டறையின் தலைமை மெஷின்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இரும்போடு முப்பது வருடம் பழகியவர். அவர்தான் எனக்கு விளங்கும்படி சொன்னார். இந்த மெஷின் இரும்பைத் தானே சாய்த்து, தானே சுழற்றி, எந்த வளைவையும் செதுக்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஓடும் பம்புக்குள் இருக்கும் வளைவும், ஏவுகணைக்குள் இருக்கும் வளைவும் இதற்கு ஒன்றுதான். அதனால் விற்கிற நாட்டுக்கு, இது யார் கையில் இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு வேலை கிடைத்ததும் இதே மாதிரி ஒரு சந்தேகத்தினால்தான். ஆஸ்பத்திரிச் சாதனம் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, அந்தப் பம்பு உறையை அதுவரை சீனாவில் செய்து வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை. இனிமேல் அங்கே வாங்காதே என்று உத்தரவு. வேறு இடம் தேடிக் கடைசியில் எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்து நின்றார்கள். பெரிய நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மேருவில் ஏழு குடும்பத்துக்குச் சோறு வருகிறது. ஆண்டவன் கணக்கு நமக்கு எங்கே விளங்குகிறது!

முதலில் பன்னிரண்டு உறைகள், மாதிரிக்கு. சொன்ன தேதியில், சொன்ன அளவில் போய்ச் சேர்ந்தால் நிரந்தர வேலை. தவறினால் வியட்நாமில் ஒருவர் காத்திருக்கிறார் என்று அந்தக் கம்பெனிக்காரர் பணிவாகவே சொல்லியிருந்தார். இந்த வேலையை நம்பித்தான் முதலாளி மெஷினையே வாங்கினார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மெஷினைப் பொருத்திவிட்டுப் போனவர்கள், காற்றுக் குழாய் பக்கத்தில் இருக்கிறது என்று அதைத் தெற்குப் பார்க்க நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயுத பூஜை நெருங்க நெருங்க இன்னும் உறுத்தியது. மற்ற மெஷின் எல்லாம் கிழக்குப் பார்த்து நிற்க, புதிதாக வந்த பிள்ளை மட்டும் எமன் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி ஆரத்தி காட்டுவது? பூஜைக்கு முதல் நாள் மாலை, பழைய கடைசல் மெஷின் ஒன்றை வெளியே தள்ள ஆட்கள் ஜாக்கி, உருளையெல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். நான் முதலாளியிடம் மெல்லப் போய்ச் சொன்னேன்.

மெஷின்கார அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "திருப்பினா லெவலு போயிரும்மா. மறுபடி ஒரு நாளு முழுக்க பாக்கணும்."

"பாத்துக்கலாம் லா" என்றார் முதலாளி. அவருக்கும் பக்திதான். "ஆளும் இருக்கு, ஜாக்கியும் இருக்கு. நல்ல நாளு, திருப்பிடுவோம்."

மின்சாரத்தை அணைத்து, இருந்த இடத்திலேயே கால்வட்டம் திருப்பினார்கள்.

மறுநாள் பூஜை மனம் நிறைய நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பெரிய மாலையை மெஷினுக்குப் போட்டு, கண்ணாடிக் கதவில் மூன்று பட்டை விபூதி இட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் செய்திருந்தேன். பக்கத்துத் திருகாணிப் பட்டறைச் சீனர்கள்கூட வந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்று எந்தக் கருவியையும் தொடக்கூடாது, அதற்கு ஓய்வு. ஆகவே மெஷினை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, "முருகா" என்று அண்ணன் விசையை அழுத்தினார். திரை சிவப்பாக எரிந்தது. 'இடமாற்றம் கண்டறியப்பட்டது. இயந்திரம் பூட்டப்பட்டுள்ளது. விற்பனையாளரை அழைக்கவும்.'

கண்ணாடிக் கதவில் நான் இட்ட விபூதியைப் பார்த்தேன். "பூசையில ஏதாச்சும் கொற வச்சிட்டேனாண்ணே? சாமி கோவிச்சுக்கிட்டாரா?"

"சாமியெல்லாம் நல்லாத்தான் இருக்காரு. ஜப்பான்காரன்தான் கோவிச்சுக்கிட்டான்."

அண்ணன் மெஷின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். மெஷின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அது தன் பேட்டரியில் விழித்துக்கொண்டே இருக்குமாம். யாராவது மெஷினைப் பெயர்த்து, போகக் கூடாத நாட்டுக்குத் திருட்டுத்தனமாக விற்றுவிட்டால், அங்கே போய் அது ஓடாது. அதற்காக வைத்த பூட்டு. இதை அவர்கள் சொல்லவே இல்லையே என்று முதலாளி கோபப்பட்டார். நான் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், முன்கூட்டியே அறிவிக்காமல் நகர்த்தக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே என் கையால் குத்திய சாப்பு.

சுபாங் ஜெயாவில் இருக்கும் ஏஜெண்டை அழைத்தோம். எதையும் தொடாதீர்கள், லெவலும் பார்க்காதீர்கள், நகர்த்திய காரணத்தை எழுதிப் படிவம் அனுப்புங்கள், ஆள் வந்து பார்க்கும், பிறகு தலைமை அலுவலகம் முடிவு செய்யும் என்றார்கள். பன்னிரண்டு உறைகள் கப்பல் ஏஜெண்டு கைக்குப் போக எட்டு நாள் இருந்தது. செதுக்க நான்கு நாள், லெவல் பார்க்க ஒரு நாள். அண்ணன் விரல் விட்டு எண்ணிவிட்டு, "மூணே நாளுதாம்மா மிச்சம்" என்றார்.

காரணம் என்ற கட்டத்துக்கு வந்தோம்.

"தரை வெடிச்சிருச்சி, சிமெண்டு பூசறதுக்கு நகத்தினோம்னு போடுங்கக்கா" என்றார் முதலாளி.

"பாஸ், பொய்யா?"

"சின்னப் பொய்தான் லா. சாமி கும்பிடத் திருப்பினோம்னு எழுதினா சிரிப்பானுங்க. கிறுக்குப் பயலுங்க கையில மெஷின குடுத்துட்டோமேன்னு நெனப்பானுங்க."

"சிரிக்கட்டும் பாஸ். ராக்கெட் செய்ய மாட்டோம்னு நீங்க போட்ட ஒரு கையெழுத்த நம்பித்தானே குடுத்தான்? இதுல பொய் சொன்னது தெரிஞ்சா, அதையும் நம்ப மாட்டானே."

"வேல போச்சுன்னா யாருக்கா பதில் சொல்றது?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "திருப்பச் சொன்னது நானு. பேர நான் போடறேன்."

அண்ணன் தேநீர்க் குவளையோடு எழுந்தார். "பாஸு, தங்கச்சி முடிவு பண்ணிருச்சி. இனிமே ஜப்பான்காரனே வந்து சொன்னாலும் மாறாது."

முதலாளி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "உங்க சாமி, உங்க சூராட். எழுதுங்க."

மலாயில் எழுதி, கைப்பேசியில் ஆங்கிலமாக மாற்றி அனுப்பினேன். 'ஆண்டுக்கு ஒரு நாள் எங்கள் கருவிகளை நாங்கள் வணங்குவோம். இந்த மெஷின் தெற்குப் பார்த்து இருந்தது. எங்கள் வழக்கத்தில் அது சரியில்லை. அதனால் அதே இடத்தில் கிழக்குப் பார்க்கத் திருப்பினோம். வேறு எங்கும் கொண்டு போகவில்லை. மூன்றாம் பக்கத்தை நான் படிக்காமல் கோப்பில் வைத்தேன். தவறு என்னுடையது.' பூஜைப் படமும் இணைத்தேன். மாலை போட்ட மெஷின், முன்னால் நாங்கள் ஏழு பேர், நெற்றி நிறைய விபூதி.

அன்று வேலை முடிந்து கிள்ளானில் அம்மன் கோயிலில் இறங்கினேன். பூட்டைத் திற தாயே என்று கேட்கத்தான் போனேன். சந்நிதியில் நின்றதும் வேறு வார்த்தை வந்தது. "நான் அவசரப்பட்டுட்டேன் தாயே. ஆறு பேரு பொழப்பு என்னால நிக்குது. என்ன திட்டு, அவங்கள விட்டுடு." அழுதுவிட்டேன். ஐயர் குங்குமம் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து ஏஜெண்டு கம்பெனி எஞ்சினியர் வந்தார். இளைஞர், சீனர், மலாயில் பேசினார். தரையில் மெஷின் கால் பழைய இடத்தில் விட்ட எண்ணெய் வட்டங்களையும், புதிய இடத்தையும் படம் எடுத்தார். எண் பலகையைப் படிக்கக் குனிந்தவர் நிமிர்ந்து, "ஆன்டி, இது எட்டா, மூணா?" என்றார். கடைசி எண்ணின் மேல் என் குங்குமம்! ஓடிப் போய்த் துப்பட்டாவால் துடைத்தேன்.

பிறகு கைப்பேசியில் ஜப்பானை அழைத்தார். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் திரையில் வந்தார். என்ன சாமான் செய்கிறீர்கள், யாருக்கு என்று கேட்டார். முதலாளி வரைபடத்தையும், வாங்குகிற கம்பெனியின் கடிதத்தையும் காட்டினார். அந்தப் பெரியவர் மறுபடி ஏதோ கேட்டார். எஞ்சினியர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஏன் கிழக்குன்னு கேக்கறாரு."

"சூரியன் அங்கதானே வருது" என்றேன்.

அதை அவர் மொழிபெயர்த்ததும் பெரியவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர்கள் ஊரிலும் புதுக் கட்டடம் கட்டினால் பூசாரியை அழைத்து மந்திரம் சொல்வார்களாம். அதனால் அவருக்குப் புரிகிறதாம். ஆனால் விதி விதிதான், மேலிடத்தில் பதிந்து அனுமதி வாங்க வேண்டும், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார்.

போகும்போது எஞ்சினியர் வாசலில் நின்று பேசினார். "எங்கம்மா வீட்டுல தெச சரியில்லன்னு மீன் தொட்டிய மூணு தடவ எடம் மாத்திட்டாங்க ஆன்டி, எனக்கு இது புதுசில்ல. முன்னால ஒரு பட்டறையில தரை ரிப்பேருன்னு எழுதிட்டாங்க. வந்து பாத்தா புது சிமெண்டே இல்ல. கேள்வி மேல கேள்வி. ரெண்டு மாசம் மெஷின் தூங்குச்சு."

முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பகல் வரைக்கும் ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது ஐந்தே நாள். மரப்பெட்டியின் பன்னிரண்டு தடுப்புக்கும் நுரையட்டை வெட்டி அடுக்கிவிட்டு, பிறகு அதையே எடுத்துத் திரும்ப அடுக்கினேன். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏஜெண்டின் கார் வந்து நின்றது. அதே எஞ்சினியர், கையில் லெவல் பெட்டி. திறப்பு எண்கள் வந்துவிட்டன. அண்ணன் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. முதலாளி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "என்ன கும்பிடாதீங்க பாஸ், அங்க கும்பிடுங்க" என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன்.

அந்த ஐந்து நாளும், ஞாயிறு உட்பட, மெஷின் நிற்கவில்லை. நான் எல்லோருக்கும் எலுமிச்சைச் சோறும் முட்டைக்கோஸ் பொரியலும் கொண்டு போனேன். பன்னிரண்டாவது உறையைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்து ஆணி அடித்தபோது வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பன்னிரண்டும் அளவு சரி, அடுத்த வேலை அனுப்புகிறோம் என்று. விரல் வைக்காமலே வாசித்தேன்.

இதில் நஷ்டம் அண்ணனுக்குத்தான். பட்டறை வாசலும் கிழக்கு. காலை வெயில் நேரே மெஷின் திரையில் விழுந்து கண்ணைக் கூசுகிறது. "ஒரே ஒரு சாண் திருப்பினா போதும்மா" என்று கெஞ்சினார்.

"தொட்டுப் பாருங்க, ஜப்பான்ல மணியடிக்கும்" என்றார் முதலாளி.

கிள்ளானில் தடித்த துணியாகப் பார்த்து நான்கு கஜம் வாங்கி, திரை தைத்து வாசல் பக்கம் மாட்டினேன்.

"மஞ்சத் துணி எதுக்கும்மா? கோயிலாட்டம் இருக்கு."

"இருக்கட்டுமேண்ணே" என்றேன். தினமும் காலையில் முணுமுணுத்துக்கொண்டே அதை இழுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.