இரண்டாம் நம்பர் லாரியும் யூசர் ரைட்ஸும்

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வந்தபோது அதற்கு ஜெனரேட்டர் ஓட்டியவன் நான். கரண்ட் போனால்தான் எனக்கு வேலை. கரண்ட் இருந்த நேரமெல்லாம் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றே கற்றுக்கொண்டேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒரு ரைஸ் மில்லுக்கு பில் போடும் புரோகிராம் எழுதினேன். வாலிகண்டபுரத்து உரக்கடைக்கு ஸ்டாக் கணக்கு செய்து கொடுத்தேன். அரியலூரில் நம் லாரி உரிமையாளர் சங்கத்தின் புக்கிங் ஆபீஸில் நானே ஒயர் இழுத்து நான்கு கம்ப்யூட்டரையும் ஒன்றாக இணைத்தேன். எதற்கும் யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. சங்கத்தின் மலருக்கு எழுதக் கேட்டார்கள், அதையே எழுதுகிறேன்.

1. சீரியல்

இப்போதைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிமெண்ட் லோடுக்கு வரும் லாரி எங்கள் ஆபீஸில் பதிந்து வரிசை எண் வாங்க வேண்டும். அதுதான் சீரியல். அது தவறினால் டிரைவர் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

2003 வாக்கில் கம்ப்யூட்டருக்கு மாறினோம். சாஃப்ட்வேர் ஒரு திருச்சிக் கம்பெனியுடையது. அதைக் கட்டி மேய்த்தது நான். மறுநாள் சீரியலை முந்தின சாயங்காலமே ஏற்றிவைப்பது மல்லிகாவின் வேலை. தினமும் ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டிரைவர் சின்னத்தம்பி கவுண்டரில் கையை ஊன்றினார்.

"ஏம்மா, நேத்து சாயங்காலம் ரெண்டுன்னு சொன்ன. இப்ப கடைசில நிக்குது?"

"நான் தொடலண்ணே. ரெண்டுதான் போட்டுட்டுப் போனேன்."

"அப்ப வண்டி தானா ரிவர்ஸ் எடுத்துச்சாக்கும்?"

முந்தின வெள்ளிக்கிழமையும் இரண்டாம் நம்பர் வண்டிக்கு இதே கதி. "வெள்ளிக்கிழமைல ரெண்டாம் நம்பர் நமக்கு ஆவாதுப்பா" என்று டிரைவர்களுக்குள் பேச்சே வந்துவிட்டது. மேனேஜர் ராமலிங்கம் நேராகச் சங்கத் தலைவரிடம் போனார்.

"யாருக்கோ வேண்டி இந்தப் பொண்ணுதாங்க மாத்துது. நிறுத்திடலாம்."

வேலை போவதோடு முடியாது. 'சீரியல் மாத்துன பொண்ணு' என்ற பெயரோடு அந்த ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற வேண்டும். அதில் பாதிப் பேர் லாரிக்காரர் வீட்டு ஆட்கள்.

நான் உள்ளே புகுந்தேன். "ஒரு வெள்ளிக்கிழமை பொறுங்க தலைவரே. கண்டுபிடிக்கலன்னா அந்தப் பொண்ணோட சேத்து என்னையும் அனுப்பிடுங்க."

"போனா என்ன, உனக்குத்தான் ஜெனரேட்டர் இருக்கே" என்றார் மேனேஜர்.

2. எல்லாருக்கும் ஒரே சாவி

ஆபீஸில் யார் உட்கார்ந்தாலும் அட்மின் என்ற ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நால்வரும் அட்மின் என்றால் தப்பு செய்தது யார் என்று டேட்டாபேஸிடம் எப்படிக் கேட்பது? ஆளுக்கொரு யூசர் உண்டாக்கினேன். டேபிளில், அதாவது உள்ளே இருக்கும் சீரியல் பட்டியலில், ஒரு வரியை மாற்றினால் மாற்றியவர் பெயரும் நேரமும் தானாக விழும்படி செய்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சொல்லிவைத்தாற்போல இரண்டாம் நம்பர் வண்டி கடைசிக்குப் போயிருந்தது. கவுண்டரில் டிரைவர் கூட்டம். சின்னத்தம்பி முன்னால் நிற்கிறார். டேபிளைத் திறந்தேன். மாற்றியவர் பெயர் விழுந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்கு உடம்பே துள்ளியது. பிறகுதான் பெயரைப் படித்தேன். தலைவர்.

கூட்டத்தின் நடுவில் எப்படிக் கேட்பது? மெல்ல ஆரம்பித்தேன்.

"தலைவரே, காலைல கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?"

"வெள்ளிக்கெழம பூசை போட வேணாமா? சந்தனம் வச்சேன், சூடம் காட்டுனேன், பிள்ளையார் சுழி போட்டேன்."

"சுழி எதுலங்க போட்டீங்க?"

"இதுலதான்யா. இதுல 'உ' எங்க இருக்கு, எல்லாம் இங்கிலீசு. அதான் ரெண்ட அமுக்குனேன். பாக்க அப்படியேதான இருக்கு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரையைத் திறந்ததும் கர்சர் நிற்பது முதல் வண்டியின் சீரியல் கட்டத்தில். தலைவர் பக்தியோடு 2 போட்டதும் முதல் வண்டிக்கு இரண்டு என்று ஆகிவிடும். ஒரே எண் இரண்டு வண்டிக்கு வந்தால் பழைய இரண்டைக் கடைசிக்குத் தள்ளுவது சாஃப்ட்வேரின் பழக்கம். முதல் வண்டி லோடுக்குப் போய்விட்டால் பட்டியல் இரண்டில்தான் தொடங்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சின்னத்தம்பிதான் முதலில் சிரித்தார். "அப்ப எங்கள பின்னாடி தள்ளுனது பிள்ளையாரா?"

மல்லிகா மேனேஜரைப் பார்த்தது. மேனேஜர் காலண்டரைப் பார்த்தார்.

3. மரியாதைப் பெட்டி

அன்றைக்கே சீரியலை மாற்றும் ரைட்ஸை மல்லிகாவுக்கு மட்டும் வைத்தேன். மற்றவர்கள் பார்க்கலாம், திருத்த முடியாது. தலைவர் தட்டிப் பார்த்தார். 'ஆக்சஸ் டினைடு' என்று வந்தது.

"என்னய்யா சொல்லுது?"

"அனுமதி இல்லைங்குதுங்க."

"எனக்கா? இந்தக் கட்டடத்துக்கு மொதக் கல்லு வச்சவன் நான். மல்லிகாவுக்கு இருக்குற ரைட்ஸ் எனக்கு இல்லையா?"

மேனேஜரும் சேர்ந்துகொண்டார். "எனக்கும் ஃபுல் ரைட்ஸ் வேணும்." மல்லிகா பயந்துவிட்டது. "அவங்களுக்கே குடுத்துடுங்கண்ணே, எனக்கு எதுக்கு வம்பு" என்றது. கொடுத்திருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பழி அதன் தலையில்தான்.

நம் பக்கத்தில் ரைட்ஸ் என்றால் மரியாதை. வேலைக்குத் தக்கபடி கொடுத்தால் நாற்காலிக்குக் கோபம் வரும். இது எந்த வகுப்பிலும் சொல்லித் தராத பாடம். உட்கார்ந்து யோசித்தேன். சீரியல் திரையின் உச்சியில் மஞ்சள் நிறத்தில் புதிதாக ஒரு பெட்டி செய்தேன். எந்த டேபிளோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திறந்ததும் கர்சர் அதில்தான் நிற்கும்.

"தலைவரே, இதுல எழுத உங்க ஒருத்தருக்குத்தான் ரைட்ஸ். மல்லிகாவுக்குக் கெடையாது. எனக்கே கெடையாது."

"மேனேஜருக்கு?"

"அவருக்கும் கெடையாதுங்க."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாக 2 என்று அமுக்கினார். எழுந்தவர், "சீரியல அந்தப் பொண்ணே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மல்லிகா அன்று வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போனது. அதன்பிறகு, பிள்ளையார் சுழி நம்பர் என்று, வெள்ளிக்கிழமை இரண்டாம் நம்பருக்கு டிரைவர்கள் போட்டி போட்டார்கள்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரைட்ஸை வேலையைப் பார்த்துக் கொடுங்கள். நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு பெட்டியும் கொடுங்கள்.

அந்தப் பெட்டியோடுதான் திருச்சிக் கம்பெனி பிறகு வேறு ஆபீஸ்களுக்கும் இதே சாஃப்ட்வேரை விற்றது. திரையின் அடியில் அவர்கள் பெயர் மட்டும் இருக்கிறது. இந்த மலரின் நன்றிப் பக்கத்திலும் அவர்கள் பெயர் மட்டுமே வருவதாகக் கேள்விப்பட்டேன். சாஃப்ட்வேர் அவர்களுடையது, மறுக்கவில்லை. பெட்டி என்னுடையது. அச்சுக்குப் போகும் முன் 'யூசர் ரைட்ஸ்: ஜெனரேட்டர் கோவிந்தராசு' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இடம் இல்லை என்று சொல்லி ஜெனரேட்டரை மட்டும் எடுத்துவிடக் கூடாது.