பிராந்திக் கடைத் தக்கை

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான சமயம். எனக்குக் கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரரிடம் ஒரு சாக்சபோன் இருந்தது. யுத்தத்திலிருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் களியக்காவிளையில் விற்றுவிட்டுப் போன பழசு. ஆலயத்தில் ஆர்மோனியத்தோடு சேர்ந்து ஊத ஆள் கிடைத்தது என்று சபையே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி இரண்டு பாட்டுக்குத்தான் நின்றது.

அந்தக் கருவிக்குச் சுருதி கழுத்தில் இருக்கிறது. கழுத்துக் குழாயைச் சுற்றி ஒரு தக்கைப் பட்டை, அதன்மேல் ஊதுவாயைச் செருக வேண்டும். உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். எங்கள் தக்கையோ உதிர்ந்துபோயிருந்தது. அவர் காகிதத்தைச் சுற்றி ஊதுவார். எச்சிலில் காகிதம் ஊறும், ஊதுவாய் வழுக்கும், பாட்டு ஆர்மோனியத்தை விட்டு விலகி ஓடும். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ரப்பர் ஷீட்டைச் சுற்றிப் பார்த்தோம். ஏறின ஊதுவாய் இறங்கவேயில்லை. மருந்துக் குப்பியின் தக்கை சீவும்போதே பொடிந்தது. பிராந்திக் குப்பியின் நீளத் தக்கைதான் வேண்டும். என் வீட்டுக்காரர் சபைப் பள்ளிக்கூட வாத்தியார், பிராந்திக் கடை வாசலில் நின்றால் வேலை போய்விடும். பெண்பிள்ளை நான் போகவே முடியாது. மிச்சம் என் அப்பா.

அப்பா ஒரு காலத்தில் குடித்தவர். அதற்காகத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். குடியை விட்டு, வருஷக்கணக்காகக் கடைசி பெஞ்சில் காத்திருந்து, அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் மறுபடி அப்பமும் திராட்சரசமும் வாங்கியிருந்தார். எல்லாம் தெரிந்துதான் கேட்டேன். மருமகனுக்கென்றால் மறுக்கமாட்டார் என்பதும் தெரியும்.

"அந்த வாசலுக்கா மக்களே?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, பாக்கேன்."

கடையிலிருந்து கொண்டுவந்த தக்கைகளை முற்றத்தில் போட்டுவிட்டுச் சாம்பலால் கை கழுவினார். நாங்கள் சீவி, அரக்கு உருக்கி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி முடிக்கும்வரை வேலிப் பக்கமாகப் போய் உட்கார்ந்திருந்தார். அந்த வாசனை அவரை இழுக்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவேயில்லை. ஊதுவாய் இறுக்கமாக ஏறி, வைத்த இடத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆர்மோனியத்தோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. ஒருத்தியும் சிரிக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது சபை மூப்பர் அப்பாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். எழுந்த அப்பா உட்கார்ந்துவிட்டார். கடை வாசலில் அவரைக் கண்டவர்கள் இருக்கிறார்களாம்.

ஆராதனை முடிந்ததும் கழுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டு மூப்பரிடம் ஓடினேன்.

"இதுக்குத்தான் அப்பா கடைக்குப் போனாவ. தக்கையப் பாருங்க!"

அவர் வாங்கி மூக்கருகே வைத்தார். ஊதி ஊதிச் சூடேறிய தக்கை குப்பென்று மணத்தது.

"இதுலயும் அதே வாடையில்லா அடிக்கு?" என்றார்.

"மாமனுக்கும் மருமவனுக்கும் ஒரே கடையாக்கும்!" என்று யாரோ சொல்ல, வாசல் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரர் தலை கவிழ்ந்தார். அப்பாவைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரையும் சந்தியில் நிறுத்திவிட்டேன்.

"விடு மக்களே. பாட்டு நல்லாத்தான இருந்தது," என்று அப்பா இறங்கி நடந்தார்.

தள்ளாடுகிறாரா என்று சாலையில் நின்றவர்களெல்லாம் அவர் கால்களையே பார்த்தார்கள். அவருக்கும் அது தெரிந்தது. முட்டுவலிக்காரர், எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். அன்று வீடு வரைக்கும் நேராக நடந்தார். வலிக்குமே, வலிக்குமே என்று நினைத்தபடி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நான் பின்னால் போனேன்.