மேலேயிருந்து போட்ட கணக்கு

கும்பகோணத்தில் ஒரு மின்சாமான் கடைக்கு மேலே இருந்தது எங்கள் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. சார் கரும்பலகையில் டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் படத்தை வரைய ஆரம்பித்தாலே எனக்குக் கை வேர்த்துவிடும். அறைக்கு ஒரே கதவு. அதற்குக் குறுக்கே சாரின் மேசை. எழுந்து போவதென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனாலேயே காலையில் நான் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

ஒன்பதாவது பாதியில் பள்ளியை விட்டவள் நான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நடவு நேரத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. கொஞ்ச நாள் போகாமல் இருந்தேன். அப்புறம் திரும்பிப் போக வெட்கமாகிவிட்டது. பிறகு கல்யாணம். குடவாசல் பக்கத்தில் கணவர் வீடு. அவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் நானும் அத்தையும்தான், அதாவது மாமியார்.

படிப்பு பாதியில் நின்றவர்களும் சேரலாம் என்று எழுதியிருந்த பலகையை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரிடமும் சம்மதம் வாங்கினேன். அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். முதல் பரீட்சையில் தேறினால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் அதோடு வீடு.

வீடு ஒன்றும் ஜெயில் இல்லை. சோறு இருக்கிறது, டிவி இருக்கிறது, அத்தை கையை ஓங்கியதுகூட இல்லை. ஆனால் செருப்பைத் தேடினாலே “எங்க போற?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். பாலுக்கு, ரேஷனுக்கு, தையல்காரரிடம் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். “கிளாஸுக்கு” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள முடிந்தது அந்த மாதங்களில்தான். அது போய்விடக் கூடாதே என்ற கவலையில் பாடம் காதில் ஏறவே இல்லை.

படத்தில் மேலே பன்னிரண்டு வோல்ட். அதற்குக் கீழே ஒரு ரெசிஸ்டர், பிறகு பக்கவாட்டில் பேஸ் என்ற கால் நீட்டிய டிரான்சிஸ்டர், அதற்கும் கீழே ஒரு கிலோ ஓமில் எமிட்டர் ரெசிஸ்டர், கடைசியில் தரை. நான் மேலேயிருந்துதான் கணக்கைப் போடுவேன். வேறெங்கிருந்து போடுவது? நான் பிறந்த ஊர் பூம்புகார்ப் பக்கம், கடைமடை. அணை திறந்தால் மேலே இருக்கிறவன் வயல் நிறைந்து, அவனுக்கு அடுத்தவன் நிறைந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. பன்னிரண்டை மேல் ரெசிஸ்டரின் நாலு கிலோ ஓமால் வகுத்து மூன்று மில்லிஆம்பியர் என்று எழுதி நிறுத்தினேன்.

சார் என்னைவிட வயதில் சின்னவர். குனிந்து பார்த்தார். “அப்ப கீழ இருக்கற ரெசிஸ்டருக்கு என்னங்க வரும்?”

“மிச்சம் இருந்தா வரும் சார்.”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, “கரன்ட்ட யாரும் குடிச்சுட மாட்டாங்க. கீழேருந்து ஆரம்பிங்க. பேஸ்ல ரெண்டு வோல்ட். அதுல பாயின்ட் ஏழு போனா எமிட்டர்ல ஒண்ணு பாயின்ட் மூணு. அங்கதான் கரன்ட் கெடைக்கும்” என்றார். “பேஸ் கரன்ட் ரொம்பச் சின்னது. அத விட்டுடுங்க.”

விட்டுவிடுவதா? வரப்பில் ஒரு எலி வளையை விட்டால் காலையில் வயலில் தண்ணீர் இருக்காது. எதையும் விட்டுவிடத் தெரியாதவள் நான். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன்.

பக்கத்தில் உட்காரும் பெண் தரங்கம்பாடிக்காரி. அவர்கள் தேவாலயத்து ஆம்பிளிஃபயர் பாட்டு நடுவில் உறுமுகிறதாம். அதைச் சரிசெய்யப் படிக்க வந்தவள். பரீட்சைக்கு முன்பு ஒரு மதியம் அவளே சர்க்யூட்டைப் பலகையில் பொருத்தினாள். டிரான்சிஸ்டருக்கு மேலே, கரன்ட் அளக்கும் மீட்டரைக் கோத்துப் பார்த்தோம். பிறகு கீழே கோத்தோம். கீழே கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது.

“பாத்தீங்களாக்கா? கடைமடையிலதான் ஜாஸ்தி. பேஸ்லேருந்து வர்ற சின்ன வாய்க்காலும் அங்க வந்து சேருதுல்ல.”

“மீட்டர்ல பேட்டரி வீக்கா இருந்தா?”

வேறு மீட்டர் கொண்டுவந்தாள். அதுவும் அதையே சொன்னது.

“இதுலயும் பேட்டரி...”

“அக்கா, நீங்க லைட் எரியுதான்னு தொட்டுப் பாக்கற ஆளு!”

பரீட்சையில் அதே படம்தான் வந்தது. பென்சில் தானாக மேலே போனது. இழுத்துக் கீழே கொண்டுவந்தேன். எமிட்டரில் ஒன்று புள்ளி மூன்று மில்லிஆம்பியர். அதையே மேலே கொண்டுபோனால் மேல் ரெசிஸ்டரில் ஐந்து புள்ளி இரண்டு வோல்ட். டிரான்சிஸ்டருக்கு மிஞ்சியது ஐந்தரை. பேஸ் கரன்ட் சிறியது என்பதால் விடப்பட்டது என்று ஓரத்தில் எழுதினேன். அந்த ‘விடப்பட்டது’ எழுத மனசே வரவில்லை.

தேறிவிட்டேன்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். “நல்லபடியா முடிஞ்சுதா? சாமிக்கு வெளக்கேத்து” என்றார் அத்தை. முடிந்தது என்ற சொல் உள்ளே எங்கோ இடறியது. சாயங்காலம் குவைத்திலிருந்து வீடியோவில் என் கணவர் வந்தார்.

“சபாஷ்! முடிச்சிட்ட. இனிமே அம்மாவுக்குத் தொணையா இரு.”

“முடியலங்க. மொதப் பரீட்சைதான். தேறுனா மேல படிக்கலாம்னு சொன்னீங்க.”

“ஒன்னால முடியுமான்னு பாக்கத்தான் சொன்னேன். முடியும்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் என்ன இருக்கு அதுல?”

தோற்றால் என்ன ஆகும் என்று மாதக்கணக்கில் கவலைப்பட்டிருந்தேன். ஜெயித்தாலும் கதவு சாத்திக்கொள்ளும் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

“இதுவரைக்கும் டி.சி. கணக்குதாங்க. சத்தம் உள்ள போயி பெருசாகி வெளிய வர்றது இனிமேதான். இப்ப அது சும்மா கரன்ட்ட வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கு.”

“எது?”

“டிரான்சிஸ்டர்தாங்க.”

அவர் சிரித்தார். பின்னாலிருந்து அத்தை, “அது உக்காந்திருந்தா உக்காந்திருக்கட்டும். நீ எதுக்கு அலையற?” என்றார்.

“சரி, பாப்போம். லீவுல வரும்போது பேசிக்கலாம்” என்று அவர் வைத்துவிட்டார்.

லீவு எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவரை போகாதே என்று வந்துவிடும். போ என்றும் அவர் சொல்லவில்லை. மறுநாள் அத்தை குளிக்கப் போன நேரத்தில் சோறு வடித்து மூடிவைத்துவிட்டு, கிளாஸுக்குப் போய்வருகிறேன் என்று குளியலறைக் கதவுக்குச் சொன்னேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒரு கணம் நின்றது. பதில் வருவதற்குள் தெருவில் இறங்கி நடந்தேன். பஸ் ஏறியபிறகும் போனைக் கையிலேயே பிடித்திருந்தேன், மணி அடித்தால் எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.