உம்மாவின் கிணற்றில் நீலமான பட்டி

உம்மா மவுத்தான வருடத்தில், கலேவெலைக்கு வெளியே எங்கள் காணியின் ரோட்டோர மூலையில் வாப்பா ஒரு கிணறு வெட்டினார். இறந்தவர் பெயரால் தண்ணீர் கொடுப்பது சதக்கா, தருமம். அதைக் குடிக்கிறவர்கள் இருக்கும்வரை நன்மை அவரைப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறிக்காரர்கள் நின்று குடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடித்தார்கள். பாலத்தடியில் காவலரண் வந்த பிறகு ஆமிக்காரர்களும் கேன் கேனாக அள்ளிப்போனார்கள். தண்ணீர் அவ்வளவு ருசி. வாப்பாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போர் முடிவதற்குச் சற்று முந்திய காலம் அது. நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் ஆராய்ச்சி மாணவி. என் பிழைப்பு இரண்டு பொருட்களோடு. ஒன்று சிவப்புக் காகிதப் பட்டி. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைப் பொலிமர் பூச்சு அதில் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தால் பட்டி நீலமாகும். மற்றது ஒரு வெள்ளைத் தூள். அதன் துகள்களுக்கும் பொலிமர் போர்த்தியிருந்தோம். வெயில் பட்டால் அது அந்த மருந்தை உடைத்துப்போடும். வாப்பா கேட்டுவிட்டு, "மிளகுத்தூளவிடச் சின்னதா?" என்றார். மிளகுத்தூளில் ஒரு பொடியை எடுத்து ஆயிரமாக நறுக்க வேண்டும் என்றேன். "ஒனக்கு வேற வேல இல்லயா மகள்" என்று சிரித்தார்.

ஒரு விடுமுறையில் அவருக்குப் படம் காட்டத்தான் பட்டியை எங்கள் கிணற்று நீரில் தோய்த்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்வது என் வழக்கம். அன்று பட்டியைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். அது நீலமானது. இன்னொன்றைத் தோய்த்தேன். அதுவும் நீலம். சுற்றிவர வெங்காயத் தோட்டங்கள், மருந்து அடிக்காத நாள் குறைவு. அடித்தது மண்ணுக்குள் இறங்கி எங்கே போகும்?

வாப்பா பட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பொய் சொல்லாதா?"

"சொல்றது கொறவு வாப்பா."

போத்தலில் எடுத்துப்போய் ஆய்வுகூடத்தின் பெரிய இயந்திரத்திலும் பார்த்தேன். பட்டி பொய் சொல்லவில்லை. குடித்தவுடன் ஆள் விழுகிற அளவு இல்லை. ஆனால் வருடக்கணக்கில் குடிக்கக்கூடிய தண்ணீரும் இல்லை. கிணற்றை மூடிவிடுவோம் என்று வாப்பாவிடம் சொன்னேன்.

"மூடினா ஏன் என்டு கேப்பாங்களே."

"மருந்து கலந்தீக்கி என்டு சொல்லுவோம்."

அவர் பாலத்தடியைக் கண்ணால் காட்டினார். "ஆமிக்காரன் குடிக்கிற கெணத்துல நஞ்சு ஈக்கி என்டு, தமிழ் பேசுற நாங்களே போய்ச் சொல்றதா? யாரு போட்ட என்டுதான் மொதல்ல கேப்பான்."

வீதியில் ஒரு பார்சல் கேட்பாரற்றுக் கிடந்தாலே ஊர் ஓடிய காலம் அது. நஞ்சு என்ற சொல் வெளியே வந்துவிட்டால், வெங்காயத்துக்கு அடித்த மருந்து என்ற விளக்கத்தை யார் நின்று கேட்பார்கள்? கிணற்றுக்குச் சொந்தக்காரரைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தேன்.

தூளை நம்பினேன். கிணற்று நீரை அகலமான தட்டத்தில் ஊற்றித் தூளைப் போட்டு வெயிலில் வைத்தால், மாலையில் பட்டி சிவப்பாகவே நின்றது. ஆனால் கிணற்றின் அடியில் வெயிலுக்கு எங்கே போவது? ஆய்வுகூடத்தில் இருந்த தூள் முழுவதும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. என் ஆராய்ச்சி மேற்பார்வையாளர் தட்டத்துச் சோதனையின் முடிவு மிக நல்லது என்றார், கட்டுரையாக எழுதச் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது.

வாப்பா தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்தார். ஒரு காலையில் வாளியையும் கயிற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டார். மத்தியானம் ஆமிக்காரர் ஒருவர் புது வாளியும் புதுக் கயிறுமாக வந்து நின்றார். வாப்பாவை மரியாதையாக நானா என்று அழைத்து, நானாவின் கயிறு இற்றுப்போய்விட்டதாக்கும், வயதான மனிதர் செலவழிக்க வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே, அவரே கப்பியில் மாட்டினார். வாப்பா அவருக்கு நன்றி சொன்னார். வேறென்ன சொல்ல?

அடுத்த முறை வரும்போது மாத்தளையில் குழாய்த் தண்ணீரை இரண்டு பெரிய போத்தல்களில் நிரப்பி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை படித்தும் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"மத்தவங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாது. நீங்களாவது இதக் குடிங்க வாப்பா. ஒவ்வொரு கெழமயும் கொண்டாறேன்."

அவர் கோபிக்கவில்லை. அடுக்களைக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு கோப்பையில் வார்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஊருக்குக் குடுக்கிறத நான் குடிக்காட்டி, அது சதக்காவா மகள்?"

இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி, நிதானமாக மூன்று மிடறில் குடித்து முடித்தார். நான் இரண்டு போத்தல்களையும் அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.