மாமா திரும்பி வந்த நாள்

சின்னக்கானலில் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் மப்டி போலீஸ்காரர் ஒருவர் தினமும் வந்து உட்காரத் தொடங்கியபோது யாரும் பயப்படவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தார்கள். நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்திருந்த காலம். வடக்கே மலைகளில் நக்சலைட்டுகள் இறங்கி ஆட்களைக் கொல்கிறார்கள், அடுத்தது நம் மலைதான் என்று பேச்சு பரவியிருந்தது. எனக்கு எட்டு வயது. நக்சலைட்டு என்பது புலியைவிடச் சற்றுப் பெரிய மிருகம் என்று நினைத்திருந்தேன்.

யார் யாரோடு பேசுகிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றெல்லாம் அந்தப் போலீஸ்காரர் விசாரிப்பார். எங்கள் ஆட்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். அம்மா அவருக்கு மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் என்னிடம் கொடுத்தனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவருக்காக ஜெபம்கூடச் செய்தாள்.

அம்மாவின் ஒரே தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை. யாரைப் பார்த்தாலும் நின்று பேசுகிறவர்.

"வாயத் தொறக்கவே யோசிக்க வேண்டியிருக்குக்கா" என்று ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"தப்பு பண்ணாதவனுக்கு என்னல பயம்?" என்றாள் அம்மா.

ஒரு மத்தியானம், தோட்டத்து வழியாக வந்த வெளியாள் ஒருவர் போடிமெட்டுக்கு வழி கேட்டார். மாமா பேசிக்கொண்டே அவரைச் சாலைவரை கொண்டுபோய் விட்டுவந்தார். மறுநாள் காலை ஜீப் வந்தது. அந்த ஆள் யார், அவனோடு என்ன பேசினாய் என்று கேட்டு மாமாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசல்களில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அம்மா அழவில்லை. "ஏதோ செஞ்சிருக்கான். சும்மா புடிப்பாகளா?" என்றாள். ஸ்டேஷனுக்குப் போகச் சட்டையை மாட்டிய அப்பாவையும் தடுத்துவிட்டாள். டீக்கடைக்கு மீன்குழம்பு வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது.

மழைக்காலம் கழிந்துதான் மாமா திரும்பினார். ஆள் பாதியாகியிருந்தார். சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. வழி கேட்டவர் யாரென்று கடைசிவரை போலீசுக்கே தெரியவில்லையாம். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்து, சோறு போட்டு, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எங்கிட்டயாவது மறைக்காமச் சொல்லுல. என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா. வழிதான் காட்டினேன்."

"ஏதாவது இருக்கும்ல. யோசிச்சுப் பாரு. எவனுக்காச்சும் சோறு வாங்கிக் குடுத்திருப்ப, நோட்டீசு கீட்டீசு வாங்கியிருப்ப..." அவள் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

மாமா சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "சத்தியமா ஒண்ணுமில்லக்கா."

அப்போதுதான் அம்மா அழுதாள். சுவரில் தலையை முட்டிக்கொண்டு, அதுவரை அழாததற்கெல்லாம் சேர்த்து அழுதாள். சத்தம் வெளியே போகாமலிருக்க அப்பா கதவைத் தாழ் போட்டார். மாமா ஒரு தப்பும் செய்யவில்லை என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும், இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.