ரசச் சட்டியில் தெர்மோஸ்டாட்

மில்லில் வேலை போனதும் மூலக்குளம் ராஜாங்கம் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். வண்டி நன்றாகத்தான் ஓடும். கொஞ்ச தூரம் ஓடியதும் கொதிக்கும். சவாரி வந்தவர்கள் வழியில் எங்கெங்கே கிணறு இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டு இறங்குவார்கள்.

எண்பத்தொன்றாம் வருடம் மகள் சுலோசனாவுக்குக் கனகசெட்டிக்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. "பொண்ணு நம்ம வண்டியிலதான் வரும்" என்று சம்பந்தியிடம் மார்தட்டிவிட்டு வந்தார் ராஜாங்கம். வந்த பிறகுதான் வண்டி கொதிப்பது ஞாபகத்துக்கு வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்க நடுரோட்டில் ஆவி பறந்தால், அந்த வீட்டில் ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பார்களே!

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வைத்தியம் தொடங்கியது. ரேடியேட்டர் ஒழுகவில்லை, ஃபேன் பெல்ட் தளரவில்லை. ஆக, குற்றவாளி தெர்மோஸ்டாட்தான் என்று தீர்ப்பு எழுதி, அதைக் கழற்றினார். என்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பவேண்டிய சின்ன வால்வு அது. திறக்கிறதா என்று பார்க்க வெந்நீரில் போடவேண்டும். போட்டார், மனைவி அமிர்தவல்லி ரசம் வைக்கிற சட்டியில்.

தண்ணீர் கொதிக்க, வால்வு சமத்தாகத் திறந்தது; குற்றவாளி அது இல்லை. ராஜாங்கத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

சட்டியைப் பிடுங்க வந்த அமிர்தவல்லி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். "மூஞ்சியில பலகையைக் கட்டி வெச்சா அது எப்படிங்க மூச்சு வுடும்?"

வண்டி வாங்கிய அன்றே முன்கிரில் மறைய அவர் கட்டிய பலகை: 'அங்காளம்மன் துணை.' அதன்மேல் வெள்ளிக்கு வெள்ளி ஒரு மாலை. போட்டதைக் கழற்றினால் தெய்வக் குற்றம் என்று எல்லாம் அங்கேயே சருகாகிக் கிடந்தன. ரேடியேட்டருக்குக் காற்று போனால்தானே!

"சாமியக் கழட்டச் சொல்றியா?"

"மேல ஏத்துங்க. ஒசந்த எடந்தான?"

அம்மன் கூரைமேல் கேரியருக்கு ஏறினாள். தெர்மோஸ்டாட் பழைய இடத்துக்குப் போனது. கல்யாணத்தன்று கிரில்லில் ஒரு பூகூடக் கட்ட ராஜாங்கம் விடவில்லை. வண்டி எங்கும் நிற்காமல் கனகசெட்டிக்குளம் போய்ச் சேர்ந்தது. சம்பந்தி வண்டியைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார். "வரேம்பா" என்று சொல்லிவிட்டு சுலோசனா உள்ளே போனாள்.

திரும்பும்போது, வழக்கமாகத் தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் கிணற்றையும் வண்டி நிற்காமல் தாண்டியது.

"பாழாப்போன வண்டி, இன்னிக்குப் போறப்ப கொஞ்சம் கொதிச்சிருந்தா இன்னா?" என்றார் ராஜாங்கம் அமிர்தவல்லியிடம். "இன்னும் செத்த நேரம் பொண்ணு நம்மகூட இருந்திருக்கும்."